மேட்டுப்பாத்திக்கு ஸ்லீப்பர் கட்டைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தண்டவாளத்துக்கு அடியில் குறுக்கே கிடக்கும் கட்டையின் பருமனில் அறுத்த கனமான மரத்தைத்தான் தோட்டக்காரர்கள் ஸ்லீப்பர் என்கிறார்கள். அதை நான்கு பக்கமும் அடுக்கி, உள்ளே மண் நிரப்பினால் மேட்டுப்பாத்தி. வேலை எளிதுதான். ஆனால் ஒரு பக்கம் ஈரமண்ணும் மறுபக்கம் வெயிலும் மழையும் படும் இடத்தில் மரத்தை நிறுத்துகிறோம் என்பதை முதலில் மனத்தில் வையுங்கள். கீழே உள்ள பதில்களில் பாதிக்கு மேல் தண்ணீரைப் பற்றியவை. பூச்சைப் பற்றிய கேள்வி தாமதமாக வருவதும் அதனால்தான்.

எந்த அளவுக் கட்டை? எத்தனை வேண்டும்?

புதிதாக அறுத்து விற்கும் கட்டைகளில் 2.4 மீட்டர் நீளம், 200 மில்லிமீட்டர் அகலம், 100 மில்லிமீட்டர் பருமன் என்பது பரவலான அளவு. இரு பக்கமும் நின்று கை நீட்டி வேலை செய்ய 1.2 மீட்டர் அகலம்வரை சரிப்படும். சுவரோரப் பாத்தி என்றால் 60 முதல் 75 சென்டிமீட்டரோடு நிறுத்திவிடுங்கள். அதற்கு மேல் போனால் களை பறிக்கப் பாத்திக்குள் ஏறி மண்ணை மிதிக்க வேண்டிவரும்.

மரம் வீணாகாத ஒரு கணக்கு இருக்கிறது. ஓர் அடுக்குக்கு மூன்று கட்டைகள். இரண்டை அப்படியே வைத்துக்கொண்டு மூன்றாவதைச் சரிபாதியாக அறுத்தால் 2.4 மீட்டரில் இரண்டும் 1.2 மீட்டரில் இரண்டும் கிடைக்கும். ஒவ்வொரு கட்டையின் ஒரு முனை அடுத்த கட்டையின் பக்கத்தில் முட்ட, மறுமுனை முந்தைய கட்டையின் முனையை மறைக்குமாறு சுற்றிவர வையுங்கள். அடுத்த அடுக்கில் இதையே எதிர்த்திசையில் சுற்றுங்கள். நான்கு மூலைகளிலும் மூட்டுகள் தாமாகவே மாறி மாறி விழும். துண்டு எதுவும் மிஞ்சாது. 100 மில்லிமீட்டர் முகம் தரையில் படும்படி நிறுத்தி வைத்தால் உள்ளளவு ஏறத்தாழ 2.3 மீட்டருக்கு 1.1 மீட்டர். இரண்டு அடுக்கில், அதாவது 40 சென்டிமீட்டர் உயரத்தில், ஒரு கன மீட்டர் மண் பிடிக்கும். ஈரத்தோடு அது ஒன்றரை டன்னுக்குக் குறையாது. கட்டைக்குப் பணம் எடுத்து வைப்பவர்கள் பலர் மண்ணுக்கு எடுத்து வைப்பதில்லை.

கட்டையைப் படுக்க வைப்பதா, நிறுத்தி வைப்பதா?

படுக்க வைத்தால் சுவர் 200 மில்லிமீட்டர் அகலமாக அசையாமல் இருக்கும். விளிம்பில் உட்கார்ந்து வேலை செய்யலாம். ஆனால் ஓர் அடுக்குக்கு 100 மில்லிமீட்டர்தான் உயரும். நிறுத்தி வைத்தால் அதே மரத்தில் இரட்டிப்பு உயரம் கிடைக்கும், ஆனால் முட்டுக்கட்டை தேவைப்படும். ஒற்றை அடுக்குப் பாத்திக்கு நிறுத்தி வைப்பதே சிக்கனம். மூன்று அடுக்கு, நான்கு அடுக்கு என்றால் படுக்க வைக்கத்தான் சொல்வேன்.

பழைய ரயில்வே கட்டைகள் கிடைக்கின்றன. அவை உறுதியானவைதானே?

உறுதியில் குறை சொல்ல முடியாது. சிக்கல் அவற்றுக்குள் ஏற்றியிருக்கும் கிரியோசோட். நிலக்கரித் தாரிலிருந்து வடித்தெடுக்கும் இந்த எண்ணெயில் புற்றுநோய் விளைவிக்கும் சேர்மங்கள் உண்டு. பல பத்தாண்டுகள் தண்டவாளத்துக்கு அடியில் கிடந்த கட்டையிலும் அது வற்றிவிடுவதில்லை. கடும் வெயிலில் கருப்பாகக் கசிந்து, உட்காருபவரின் துணியிலும் தோலிலும் ஒட்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2003 முதல் இதைப் பொதுமக்களுக்கு விற்பதற்குக் கட்டுப்பாடு இருக்கிறது. தோலில் அடிக்கடி படும் இடத்திலும் உணவுப்பயிர் வளரும் இடத்திலும் இந்தக் கட்டையை வைக்கக் கூடாது. கீரையும் தக்காளியும் போடப்போகிறீர்கள் என்றால் யோசிக்கவே வேண்டாம், விட்டுவிடுங்கள். 

அறுப்பதிலும் தொல்லை உண்டு. உள்ளே புதைந்திருக்கும் ஆணியும் ஜல்லித் துணுக்கும் ரம்பத்தின் பல்லைத் தின்றுவிடும்.

அப்படியானால் எந்த மரம் வாங்குவது?

இரண்டே வழி. ஒன்று, இயல்பிலேயே நின்று பிடிக்கும் மரத்தின் வைரம், அதாவது நடுவில் இருக்கும் உறுதியான பகுதி: தேக்கு, ஓக், ரொபினியா போன்றவை. மற்றொன்று, பைன் போன்ற மென்மரத்துக்கு அழுத்தக் கலனில் காப்புமருந்து ஏற்றியது.

முதல் வகையில் ஏமாறும் இடம் வெளிறு. எவ்வளவு உயர்ந்த மரமானாலும், மரத்தின் வெளிவட்டத்தில் இருக்கும் வெளிர்நிறப் பகுதிக்குத் தாங்கும் சக்தி கிடையாது. ஓக் கட்டையின் ஒரு மூலையில் மட்டும் வெளிறு ஓடினால், அந்த மூலை சில ஆண்டுகளில் நொறுங்கும், மற்ற பகுதி அப்படியே நிற்கும். வாங்கும்போது கட்டையின் இரு தலைப்புகளையும், அதாவது குறுக்கே அறுத்த முனைகளை, பாருங்கள். வளையங்களும் நிற வேறுபாடும் அங்கேதான் தெளிவாகத் தெரியும்.

இரண்டாம் வகையில் பச்சை நிறத்தைப் பார்த்து நம்பிவிடாதீர்கள். மேலே மருந்து தோய்த்த கட்டையும் பச்சையாகத்தான் இருக்கும். எந்த வகுப்புக்கு மருந்து ஏற்றப்பட்டது என்று கேளுங்கள். ஐரோப்பியத் தரத்தில் 4ஆம் பயன்பாட்டு வகுப்பு, ஆஸ்திரேலியத் தரத்தில் எச்4 என்பவை மண்ணோடு தொட்டுக்கொண்டிருக்கும் மரத்துக்கு உரியவை. அதற்குக் கீழ்ப்பட்டது வேலிப்பலகைக்குப் போதும், பாத்திக்குப் போதாது.

மருந்து ஏற்றிய மரத்திலிருந்து நஞ்சு காய்கறிக்கு வராதா?

இந்த அச்சத்துக்குக் காரணம் உண்டு. செம்பு, குரோமியம், ஆர்சனிக் மூன்றும் கலந்த பழைய மருந்துதான் நெடுங்காலம் பயன்பட்டது. அமெரிக்காவில் வீட்டு உபயோக மரங்களுக்கு அதை ஏற்றுவது 2003 இறுதியோடு கைவிடப்பட்டது. இப்போது பெரும்பாலும் செம்பை அடிப்படையாகக் கொண்ட, ஆர்சனிக் இல்லாத மருந்துகள். செம்பு சிறிதளவு கசியும். ஆனால் அது மண்ணில் ஒட்டிக்கொள்வதால் கட்டையை ஒட்டிய சில சென்டிமீட்டருக்குள்ளேயே பெரும்பாலும் நின்றுவிடும். உரிய வகுப்பு மருந்து ஏற்றிய புதிய கட்டையில் காய்கறி வளர்க்க நான் தயங்க மாட்டேன். வரலாறு தெரியாத பழைய பச்சைக் கட்டையில் தயங்குவேன்.

தரையை எப்படித் தயார் செய்வது?

பாத்தியின் ஆயுளைத் தீர்மானிக்கும் வேலை இதுதான், ஆனால் முடிந்தபின் கண்ணுக்குத் தெரியாது என்பதால் பலரும் அவசரமாகக் கடந்துவிடுகிறார்கள்.

மரம் இற்றுப்போகப் பூஞ்சைக்கு ஈரமும் காற்றும் சேர்ந்து வேண்டும். மரத்தின் ஈரம் ஏறத்தாழ 20 சதவிகிதத்துக்குக் கீழே இருந்தால் பூஞ்சை வேலை செய்யாது. முழுக்க நீரில் மூழ்கினாலும் காற்றின்றி அடங்கிவிடும். இரண்டும் சரியாகக் கலந்து கிடைக்கும் இடம் தரைமட்டம். ஆகவே முதல் அடுக்கின் அடிமுகம் ஈரமண்ணில் பதியாமல் பார்த்துக்கொள்வதே நோக்கம்.

நான்கு மூலைக்கும் முளையடித்து நூல் கட்டுங்கள். இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து அவை சமமாக வரும்வரை முளையை நகர்த்துங்கள். எதிரெதிர்ப் பக்கங்களும் சமமாக இருந்து மூலைவிட்டங்களும் சமமானால் மூலைகள் செங்கோணம். கட்டை உட்காரப்போகும் கோட்டில் மட்டும், கட்டையைவிட இரு பக்கமும் 5 சென்டிமீட்டர் கூடுதல் அகலத்தில், 10 முதல் 15 சென்டிமீட்டர் ஆழத்துக்குப் பள்ளம் தோண்டுங்கள். அதில் பொடி கலந்த ஜல்லியைக் கொட்டித் திமிசு போட்டு இறுக்குங்கள். ஒரே தடவையில் முழுதும் கொட்டி இடித்தால் மேல்பகுதி மட்டும்தான் இறுகும். இரண்டு தவணையாகப் போடுங்கள். களிமண் தரையானால் அந்தப் பள்ளமே வாய்க்காலாகித் தண்ணீர் தேங்கும். பள்ளத்தின் அடிக்குச் சற்று வாட்டம் கொடுத்து, தாழ்ந்த மூலையிலிருந்து தண்ணீர் வெளியேற ஒரு வழி விடுங்கள்.

ரசமட்டம் வைத்துப் பார்ப்பது முதல் அடுக்கில்தான் முக்கியம். அங்கே 5 மில்லிமீட்டர் தவறினால் மேலே போகப் போகக் கூடும். சரிவான நிலத்தில் தாழ்ந்த முனையிலிருந்து தொடங்கி, உயர்ந்த பக்கத்தை வெட்டி உள்ளே இறக்குங்கள். தாழ்ந்த பக்கத்தில் கல்லடுக்கி முட்டுக் கொடுப்பது சில மழைக்குள் சரியும்.

கான்கிரீட் வேண்டாமா?

ஒன்றிரண்டு அடுக்குக்கு வேண்டாம். கட்டையைச் சுற்றிக் கான்கிரீட் போட்டு அடைத்தால் தண்ணீர் தொட்டி போலத் தேங்கி மரத்தை ஊறவைக்கும். ஆழமாக நடும் கம்பங்களுக்குக் கான்கிரீட் போட்டால், மேல்முகத்தைக் கம்பத்திலிருந்து வெளிப்புறமாகச் சரித்து விடுங்கள்.

கட்டைகளை எதால் இணைப்பது?

ஆணி போதாது. மரம் நனைந்து உலர்ந்து விரியும்போதும் சுருங்கும்போதும் ஆணி மெல்ல மெல்ல வெளியே வந்துவிடும். தடித்த மரங்களுக்கான நீளமான திருகாணிகளைப் பயன்படுத்துங்கள். படுக்க வைத்த 100 மில்லிமீட்டர் கட்டைக்கு 150 மில்லிமீட்டர் திருகாணி கீழ்க்கட்டைக்குள் 50தான் இறங்கும். 180 அல்லது 200 எடுத்தால் பிடிமானம் கிடைக்கும். ஒவ்வொரு முனைக்கும் இரண்டு, இடையில் 60 சென்டிமீட்டருக்கு ஒன்று. கடின மரத்தில் முன்துளை போடாமல் முறுக்கினால் திருகாணி பாதியில் முறியும்.

மூலையில் திருகாணி அடுத்த கட்டையின் தலைப்புக்குள், நார்களின் போக்கிலேயே இறங்குகிறது. அந்தப் பிடி பலவீனமானது. உட்புற மூலையில் 75 மில்லிமீட்டர் சதுரக் கம்பம் ஒன்றை நிறுத்தி, இரண்டு பக்கத்திலிருந்தும் அதில் முறுக்குவது நல்லது. நிறுத்தி வைத்த கட்டைகளுக்கு இது கிட்டத்தட்டக் கட்டாயம். இன்னொரு முறை, கட்டைகள் வழியாக மேலிருந்து துளையிட்டு 12 மில்லிமீட்டர் முறுக்குக் கம்பியைத் தரைக்குள் அடித்து இறக்குவது. அடிக்கும் முன் அந்த இடத்தில் குழாயோ மின்கம்பியோ புதைந்திருக்கிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

உலோகத்தையும் கவனியுங்கள். செம்பு மருந்து ஏற்றிய மரம் சாதாரண இரும்பை விரைவாக அரிக்கும். அதற்குக் கனமான துத்தநாகப் பூச்சுள்ள திருகாணி அல்லது துருப்பிடிக்காத எஃகு. ஓக் மரத்தில் உள்ள துவர்ப்பொருள் இரும்போடு சேர்ந்தால் நீலக்கருப்புக் கறை வழியும். அங்கே துருப்பிடிக்காத எஃகு மட்டுமே.

எவ்வளவு உயரம் கட்டலாம்? நடுவில் வயிறு தள்ளாதா?

தள்ளும். உயரம் இரண்டு மடங்கானால் மண் தரும் மொத்தத் தள்ளுவிசை நான்கு மடங்காகிறது. சுவரைக் கவிழ்க்கப் பார்க்கும் வலு எட்டு மடங்கு. 20 சென்டிமீட்டர் சுவர் அசையாமல் நின்றது என்பதால் 60 சென்டிமீட்டரும் நிற்கும் என்று நினைப்பது தப்புக்கணக்கு.

20 சென்டிமீட்டருக்கு மூலைப்பிடிப்பு போதும். 40க்கு நீளப்பக்கத்தின் நடுவில் ஒரு கம்பம், தரைக்கு மேலே எவ்வளவோ அவ்வளவு தரைக்குள்ளும். கம்பம் நட முடியாத இடத்தில், எதிரெதிர்ச் சுவர்களை இணைத்து மண்ணுக்குள் மறையும் மரையிட்ட எஃகுக் கம்பி ஒன்றைக் குறுக்கே கொடுக்கலாம். 60க்கு மேல் கட்டையைப் படுக்க வையுங்கள், கம்பங்களையும் நெருக்குங்கள். ஒரு மீட்டரை நெருங்கினால் அது தாங்குசுவர். கட்டுமானம் அறிந்த ஒருவரிடம் காட்டாமல் கட்டாதீர்கள். சரிவில் மேட்டுமண்ணைத் தாங்கி நிற்கும் சுவருக்கு இந்த எச்சரிக்கை இன்னும் குறைந்த உயரத்திலேயே தொடங்குகிறது.

வெட்டிய முனைகளை என்ன செய்வது?

மரத்தின் நார்கள் நீளவாக்கில் ஓடும் நுண்குழாய்கள். பக்கவாட்டில் நுழைவதைவிடப் பல மடங்கு வேகத்தில் தலைப்பு வழியே தண்ணீர் உள்ளே போகும். அழுத்த மருந்தும் பெரும்பாலும் வெளிப்பகுதியில்தான் நிற்கும். அறுத்த இடத்தில் மருந்தில்லாத உள்மரம் திறந்துகொள்கிறது. அறுத்த உடனே, துளையிட்ட உடனே, வெட்டுமுனைக்கென்று விற்கும் காப்புமருந்தைத் தாராளமாகத் தடவி, உறிஞ்சி முடித்ததும் மறுபடி தடவுங்கள். முனையை மருந்தில் நிறுத்தி ஊறவைத்தால் இன்னும் நல்லது. அறுத்த முனையை முடிந்தவரை மேற்பகுதி அடுக்குகளில் வருமாறு வையுங்கள். ஆலையிலிருந்து வந்த முனை தரையோரம் இருக்கட்டும்.

வெளிப்புறத்துக்கு எந்தப் பூச்சு நல்லது?

முதலில், எது வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன். வார்னிஷ் வேண்டாம். கனமான கட்டை பருவத்துக்குப் பருவம் அசையும். மேலே படிந்த படலம் அசையாது. விரிசல் விடும், அதன் வழியே தண்ணீர் நுழையும், படலம் அதை வெளியேற விடாது. இரண்டாவது, வண்டியிலிருந்து எடுத்த கழிவு என்ஜின் எண்ணெய். செலவில்லாமல் கிடைக்கிறது என்று இதைப் பரிந்துரைப்பவர்கள் எங்கும் இருக்கிறார்கள். அதில் உலோகத் துகள்களும் கிரியோசோட்டில் உள்ளது போன்ற நச்சுச் சேர்மங்களும் உண்டு. அதைக் கீரைப்பாத்திக்குத் தடவிவிட்டு இயற்கை உரம் தேடுவதில் பொருளில்லை.

மரத்துக்குள் ஊறும் பூச்சுகளே பொருத்தமானவை: டங் மரத்தின் விதையிலிருந்து எடுக்கும் டங் எண்ணெய், வெளிப்புற மரத்துக்கென்று தயாரித்த எண்ணெய்ப் பூச்சுகள், நிறமுள்ள மரச்சாயங்கள். நிறமற்றதைவிடச் சற்றே நிறமுள்ளது வெயிலைத் தடுக்கும். காய்ச்சாத ஆளிவிதை எண்ணெய் எளிதில் கிடைத்தாலும் மெதுவாக உலர்கிறது, ஈரமான இடத்தில் கரும்பூஞ்சைக்கு உணவாகிறது.

புதிதாக மருந்து ஏற்றிய கட்டை ஈரமாகவே வரும். அதன்மேல் தடவியது உள்ளே போகாது. கட்டையின்மீது சில சொட்டுத் தண்ணீர் விடுங்கள். உருண்டு நின்றால் காத்திருங்கள். சில நிமிடங்களில் உறிஞ்சிக்கொண்டால் தடவலாம். சில வாரங்கள் ஆகலாம், சில மாதங்களும் ஆகலாம். அதற்காகப் பாத்தி கட்டுவதைத் தள்ளிப்போட வேண்டாம். வெளிப்பக்கத்தைப் பிறகு பூசிக்கொள்ளலாம்.

எண்ணெய் தடவிய துணியைக் கசக்கிக் கூடையில் போடாதீர்கள். ஆளிவிதை எண்ணெய், டங் எண்ணெய் போன்றவை உலரும்போது வெப்பத்தை வெளியிடும். சுருண்ட துணிக்குள் அது சேர்ந்து தானாகவே தீப்பற்றும். வெளியே விரித்து உலர்த்துங்கள், அல்லது தண்ணீரில் முக்கி வையுங்கள்.

இதையெல்லாம் சொன்னபிறகும், பூச்சு முதன்மையாகத் தோற்றத்துக்கு உரியது என்பதே என் கருத்து. தலைப்பு மருந்துக்கும் ஜல்லிப் படுகைக்கும் செலவிட்டுவிட்டு, மீதமிருந்தால் பூச்சுக்கு வாருங்கள்.

உள்பக்கம் பிளாஸ்டிக் விரிக்கலாமா?

இதில் இரண்டு கட்சி. விரித்தால் மண்ணீரம் மரத்தைத் தொடாது என்கிறது ஒன்று. பிளாஸ்டிக்குக்கும் மரத்துக்கும் இடையே புகுந்த தண்ணீர் வெளியேறாமல் மரத்தை அழுகச் செய்யும் என்கிறது மற்றொன்று. இரண்டும் உண்மை; எந்த பிளாஸ்டிக், எப்படி விரித்தது என்பதைப் பொறுத்தது. மெல்லிய பாலித்தீனை மரத்தோடு ஒட்டவைத்து நெடுகிலும் ஸ்டேப்ளர் பின் அடித்தால் இரண்டாவது கட்சி வெல்லும்.

நிலவறைச் சுவருக்கு வெளிப்புறம் பொருத்தும், குமிழ் குமிழாக இருக்கும் கனத்த தாள் இதற்கு ஏற்றது. குமிழ்ப்பக்கம் மரத்தைப் பார்க்கட்டும். இடையே காற்றோடும், உள்ளே போன தண்ணீர் கீழே ஜல்லியில் வடியும். மேல்விளிம்பில் மட்டும் பொருத்துங்கள். அதன்மேல் ஒரு சட்டம் அடித்தால் மண்ணும் நீரும் பின்னால் இறங்காது. அடிப்பகுதி திறந்தே இருக்க வேண்டும். இந்தக் குமிழ்த்தாள் கிடைக்காவிட்டால், மெல்லிய பிளாஸ்டிக்கைவிட ஒன்றும் விரிக்காமல் விடுவதே மேல்.

பாத்தியின் அடியில்?

ஒன்றும் வேண்டாம். வேர்களும் மண்புழுவும் கீழே போகட்டும். மண்ணுக்கு அடியில் ஜல்லி போட்டால் வடிகால் கூடும் என்பது பிழையான நம்பிக்கை. நுண்ணிய மண்ணிலிருந்து பெரிய இடைவெளிகளுக்குத் தண்ணீர் எளிதில் இறங்காது, மேல்மண் முழுதும் ஊறிய பிறகுதான் இறங்கும். ஜல்லி கட்டைக்குக் கீழே மட்டும்.

கட்டை வெடித்திருக்கிறது, நரைத்தும் விட்டது. கெட்டுப்போனதா?

நரைப்பு வெயிலின் வேலை. மரநார்களை ஒட்டவைக்கும் லிக்னினை மேற்பரப்பில் ஒளி சிதைக்கிறது, மழை கழுவுகிறது. உள்ளே மரம் நன்றாகவே இருக்கும். நீளவாக்கில் விழும் வெடிப்பும் பருத்த மரம் உலரும்போது இயல்பு. மேல்முகத்தில் இருக்கும் வெடிப்பில் மட்டும் தண்ணீர் நிற்கும். ஆகவே கட்டும்போதே வெடிப்புள்ள முகத்தைக் கீழ்ப்புறமோ பக்கவாட்டிலோ திருப்பிவிடுங்கள். மேல் அடுக்கின் வெளிவிளிம்பை இழைப்புளியால் சற்றுச் சரித்துச் சீவினால் நீர் நிற்காது.

கெட்டதா என்று அறிய திருப்புளியால் குத்திப் பாருங்கள். நல்ல மரம் தடுக்கும். குத்தியதும் புதைந்தால், அல்லது மரம் பழுப்பாகிக் கட்டம் கட்டமாகப் பிளந்திருந்தால், அது பூஞ்சை. சோதிக்க வேண்டிய இடங்கள் தரையோரமும் மூலைகளும்.

மரத்தைக் கருக்கினால் நீடிக்கும் என்கிறார்களே?

ஜப்பானிய முறையில் கருக்கிய பலகை சுவரின் வெளிப்புறத்தில் பொருத்த அழகாக உழைக்கும். மண்ணோடு தொடும் இடத்தில் கதை வேறு. கரி வெடிக்கும், ஈரம் உள்ளே போகும். அடியில் உள்ள மரத்தின் இயல்பு மாறுவதில்லை.

கறையான் உள்ள இடத்தில்?

பாத்தியை வீட்டுச் சுவரோடு ஒட்டிக் கட்டாதீர்கள். சுவருக்கும் பாத்திக்கும் இடையே குனிந்து பார்க்க முடிகிற இடைவெளி இருந்தால், ஏறிவரும் மண்குழாய் கண்ணில் படும். ஒட்டியிருந்தால் கறையானுக்கு மறைவான ஏணி வைத்துக் கொடுத்ததாகிவிடும். போராக்ஸ் வகை மருந்துகள் தண்ணீரில் கரைபவை. மழையும் மண்ணீரும் அவற்றைக் கழுவிவிடும் என்பதால் இங்கே அவற்றை நம்ப வேண்டாம்.

எத்தனை ஆண்டு வரும்? கழித்த கட்டையை என்ன செய்வது?

மருந்தேற்றாத பைன் ஈரமண்ணில் 3 முதல் 5 ஆண்டு. உரிய வகுப்பு மருந்து ஏற்றியது 10 முதல் 15, வடிகால் நன்றாக இருந்தால் அதற்கு மேலும். ஓக் போன்ற மரத்தின் வைரம் 20 ஆண்டுகூட நிற்கும். வெப்பமும் ஈரமும் சேர்ந்த தட்பவெப்பத்தில் இவை குறையும். ஆண்டுக்கொரு முறை வெளிப்பக்கத்தில் குவிந்த சருகையும் மண்ணையும் விலக்கிவிடுங்கள். பாதியில் உளுத்த ஒரு கட்டையை மட்டும் மாற்றுவதும் முடியும், திருகாணியால் இணைத்திருந்தால்.

கழித்த கட்டையில் மருந்தோ கிரியோசோட்டோ ஏறியிருந்தால் அடுப்பில் வைக்காதீர்கள், குப்பையோடு எரிக்கவும் வேண்டாம். புகை நஞ்சு, சாம்பலும் நஞ்சு. அந்தச் சாம்பலை உரமாகப் போட்டால் மரத்துக்குள் அடங்கியிருந்ததை எல்லாம் மண்ணுக்கே கொடுத்ததாகும். தீங்கு தரும் கழிவுகளைத் தனியே வாங்கும் இடத்தில் சேர்த்துவிடுங்கள். மருந்தேற்றாத மரமானால் அறுத்து நிழலான மூலையில் போட்டுவைக்கலாம், சில ஆண்டுகளில் மட்கிவிடும்.